திரும்பி வரும் சந்திர கிரகணம்: டோம்பிவிலி மொட்டை மாடியிலிருந்து

2028 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு 9.46 மணி முதல் 10.58 வரை டோம்பிவிலி வானத்தில் சந்திரன் முழுதாகச் சிவந்து நிற்கும். மார்கழிப் பௌர்ணமி, திருவாதிரை நட்சத்திரம், மேகமில்லாத பனிக்காலம், மறுநாள் ஆங்கிலப் புத்தாண்டு. எல்லாம் ஒரே இரவில் சேருகின்றன. இதைவிட வசதியான முழு கிரகணம் நம் பக்கத்துக்கு வாய்ப்பது அரிது.

அந்த இரவுக்குத் தயாராவதுதான் இந்த அத்தியாயத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதி ஒரு கணக்கு. கிரகணம் விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "மறுபடி எப்போ வரும்?" என்பதுதான். காகிதமும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு உங்களாலேயே பதில் சொல்ல முடியும். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கிரகணத்துக்கும் முன்னால் வந்தது ஒன்று உண்டு, பின்னால் வரப்போவது ஒன்று உண்டு. தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்தவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி புரியும்.

எங்கே நின்று பார்ப்பது

விண்மீன் பார்க்க ஆசைப்படும் மும்பைக்காரர்கள் கர்ஜத் தடத்தில் வாங்கணி வரை போய் இரவெல்லாம் தங்குவார்கள். ஊர் வெளிச்சத்தில் மங்கலான விண்மீன்கள் தெரியாது என்பதே காரணம். சந்திர கிரகணத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம். எம்ஐடிசி குடியிருப்பின் விளக்குகளோ, ஃபட்கே ரோட்டின் கடை வெளிச்சமோ சந்திரனை மறைக்கப் போவதில்லை. சொஸைட்டியின் மொட்டை மாடிச் சாவி கிடைத்தால் போதும். பல கட்டடங்களில் இரவு பத்து மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதனால் செயலாளரிடமும் வாட்ச்மேனிடமும் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

மாடிக்குப் போக முடியாதவர்கள் ஜன்னலின் திசையைப் பாருங்கள். டிசம்பர் 31 அன்று இரவு 8.37 மணிக்குச் சந்திரன் கிழக்கில், சற்றே வடக்கு ஒட்டி, அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில் இருக்கும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. மூன்று முஷ்டியை அடுக்கினால் அந்த உயரம் வரும். 10.22 மணிக்கு 57 டிகிரிக்கு ஏறியிருக்கும். நள்ளிரவில் கிட்டத்தட்ட தலைக்கு மேல். ஆகவே கிழக்குப் பார்த்த பால்கனி தொடக்கத்துக்கு உதவும். முழு மறைவின்போது மேல் மாடிச் சுவர் குறுக்கே வந்துவிடும். கட்டடத்துக்கு வெளியே, காம்பவுண்டுக்காவது இறங்கி வாருங்கள்.

புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்காக அன்று மரைன் டிரைவ் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிஎஸ்எம்டியிலிருந்து டோம்பிவிலிக்கு ஃபாஸ்ட் லோக்கலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிரகணத்தின் தொடக்கத்தை வீட்டு மாடியிலிருந்து பார்க்க வேண்டுமானால் ஏழு மணி வண்டியையாவது பிடித்துவிட வேண்டும்.

ஏன் எல்லாப் பௌர்ணமியிலும் வருவதில்லை

பௌர்ணமி அன்று சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் பூமி இருக்கிறது. அப்படியானால் பூமியின் நிழல் மாதாமாதம் சந்திரன்மேல் விழ வேண்டும். விழாததற்குக் காரணம், சந்திரன் போகும் பாதை சூரியனின் பாதைக்கு சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பது. பெரும்பாலான பௌர்ணமிகளில் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடும்.

இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் இரண்டு. அவைதாம் ராகுவும் கேதுவும். பௌர்ணமியின்போது சூரியன் ஒரு புள்ளியை ஒட்டியும் சந்திரன் எதிர்ப் புள்ளியை ஒட்டியும் இருந்தால் கிரகணம். 499இல் எழுதிய ஆரியபட்டர், சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நம் பஞ்சாங்கக் கணக்கிலும் ராகு கேதுக்கள் வானத்தின் இரு புள்ளிகளாகவே வருகின்றன. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை ராகு கேது பெயர்ச்சி என்று கோயில்களில் பரிகார பூஜை நடக்கிறதே, அது இந்தப் புள்ளிகள் ஒரு ராசி பின்னோக்கி நகர்வதைத்தான் குறிக்கிறது. பன்னிரண்டு ராசியையும் சுற்றி வர 18.6 வருடம். இப்படிப் பின்னோக்கி நகர்வதால் கிரகணம் வரும் பருவமும் ஒவ்வொரு வருடமும் சுமார் 19 நாள் முன்னதாக வருகிறது. வருடத்துக்கு இரண்டு பருவம். ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்கு 173 நாள்.

அன்றிரவின் நேரப் பட்டியல்

பூமியின் நிழல் இரண்டு அடுக்கு கொண்டது. வெளியே மங்கலான புறநிழல், உள்ளே அடர்ந்த கருநிழல். சந்திரன் இருக்கும் தூரத்தில் கருநிழலின் அகலம் சந்திரனின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். சந்திரன் தன் அகலத்தைக் கடக்க சுமார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முழு மறைவு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்க முடிவது இதனால்தான்.

பஞ்சாங்கத்தில் ஐந்து கட்டமாகப் போட்டிருப்பார்கள். டிசம்பர் 31க்கு இந்திய நேரப்படி அவை:

- ஸ்பரிசம், இரவு 8.37: கருநிழல் சந்திரனின் விளிம்பைத் தொடுகிறது.
- சம்மீலனம், 9.46: கடைசி வெள்ளைக் கீற்றும் மறைகிறது. முழு கிரகணம் தொடக்கம்.
- மத்தியமம், 10.22: நிழலின் ஆழத்தில்.
- உன்மீலனம், 10.58: முதல் வெள்ளைக் கீற்று திரும்புகிறது.
- மோட்சம், 12.06: கருநிழல் முழுதும் விலகுகிறது. அப்போது 2029 பிறந்து ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.

இவற்றுக்கு முன்னதாக 7.30 மணியை ஒட்டிப் புறநிழல் தொடங்கிவிடும். ஆனால் முதல் அரை மணி நேரம் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஸ்பரிசத்துக்குக் கால் மணி முன்பிருந்து ஒரு பக்கம் புகை படிந்ததுபோல் மங்கத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

ஒரு விளக்கம் அவசியம். சந்திர கிரகணத்தின் இந்த ஐந்து நேரமும் இந்தியா முழுமைக்கும் ஒன்றே, ஏனென்றால் நிழல் விழுவது சந்திரன்மேல். ஊருக்கு ஊர் மாறுவது சந்திரன் உதிக்கும், மறையும் நேரம் மட்டுமே. டோம்பிவிலி சென்னைக்கு மேற்கே ஏழு டிகிரி தள்ளி இருப்பதால் இங்கே சந்திரோதயம் அரை மணியை ஒட்டித் தாமதம். 2022 நவம்பர் 8 கிரகணம் இதற்கு நல்ல சாட்சி. மாலை 6.19க்கு மோட்சம். சென்னையில் சந்திரன் 5.38க்கே உதித்ததால் அங்கே நாற்பது நிமிடம் கிடைத்தது. மும்பையில் சந்திரோதயம் 6.01. கிடைத்தது 18 நிமிடம். ஊரிலிருந்து வரவழைக்கும் பஞ்சாங்கத்தில் கிரகண நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உதயத்தை மட்டும் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிமிடத் துல்லியம் வேண்டுமானால் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையோ, கொல்கத்தாவின் பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் வெளியிடும் அறிவிப்பையோ பாருங்கள்.

எதையெல்லாம் கவனிப்பது

ஸ்பரிசம் ஆனதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் விளிம்பைப் பாருங்கள். அது நேர்கோடாக இருக்காது. வளைந்திருக்கும். நம் பூமியின் உருண்டை வடிவத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான தருணம் அது. குழந்தைகளிடம் ஒரு வட்டம் வரைந்த தாளைக் கொடுத்து, ஒவ்வொரு பத்து நிமிடமும் நிழல் எதுவரை வந்தது என்று கோடு போடச் சொல்லுங்கள்.

முக்கால் பங்கு மறைந்ததும் இருண்ட பக்கத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும். பூமி சூரியனை மறைத்தாலும், பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. வரும் வழியில் நீலம் சிதறிப்போய், சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் சூரியன் உதித்துக்கொண்டும் மறைந்துகொண்டும் இருக்கிறதோ, அத்தனை இடத்துச் செவ்வொளியும் சந்திரன்மேல் விழுகிறது. சம்மீலனத்துக்குச் சற்று முன்பும் உன்மீலனத்துக்குச் சற்று பின்பும் பைனாகுலரில் பார்த்தால், விளிம்பில் மெல்லிய நீலப் பட்டை தெரியும். ஓசோன் அடுக்கு வழியாக வந்த ஒளி அது. 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும்.

எவ்வளவு சிவப்பு என்பது ஒவ்வொரு முறையும் வேறுபடும். ஃபிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் 1921இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். உங்கள் நோட்டில் இப்படிக் குறியுங்கள்:

- 0: சந்திரன் இருக்கும் இடமே தெரியாத இருட்டு.
- 1: சாம்பல் அல்லது பழுப்பு. மேற்பரப்பின் அடையாளங்களைக் காண்பது சிரமம்.
- 2: துருப்பிடித்த சிவப்பு, நடுவில் கறுப்பு.
- 3: செங்கல் சிவப்பு, ஓரத்தில் வெளிச்சம்.
- 4: பளிச்சென்ற தாமிர நிறம், ஓரத்தில் நீலம்.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தது. அதன் தூசு மேல் வளிமண்டலத்தில் தங்கிவிட்டது. 1992 டிசம்பர் 10 விடியற்காலையில் இந்திய வானில் நிகழ்ந்த முழு கிரகணம் மிகவும் இருண்டு போனது அதனால்தான். 2028இல் வரப்போவது அந்த 1992 கிரகணத்தின் அதே வரிசையைச் சேர்ந்தது (வரிசை என்றால் என்ன என்பது கணக்கு இரண்டில் விளங்கும்). எனவே பெரியவர்கள் யாராவது அந்த விடியலைப் பார்த்திருந்தால் நிறத்தை ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

முழு மறைவின்போது சந்திரனின் ஒளி பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறையும். பௌர்ணமி வெளிச்சத்தில் மறைந்திருந்த விண்மீன்கள் மாடியில் நின்றபடியே தெரியத் தொடங்கும். 10.22 மணிக்குக் கிழக்கு நோக்கி நில்லுங்கள். சந்திரனுக்கு வலப்புறம் சற்று மேலே செந்நிறமாகத் திருவாதிரை, அதற்கும் வலப்புறம் வரிசையாக மூன்று விண்மீன்கள். இடப்புறம் கீழே புனர்பூசத்தின் இரட்டை. தலைக்கு நேர் மேலே ரோகிணி, அதை அடுத்துக் கொத்தாகக் கார்த்திகை. ஸ்பரிசத்துக்கு முன் எத்தனை விண்மீன் எண்ண முடிந்தது, 10.22க்கு எத்தனை என்று இரண்டு எண்ணை மட்டும் எழுதி வையுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எதுவும் தேவையில்லை. அது சூரிய கிரகணத்துக்கு. மொபைலில் படம் எடுக்க ஒரு ஸ்டாண்டும், மேனுவல் அல்லது ப்ரோ பயன்முறையும், சில விநாடி டைமரும் வேண்டும். பகுதி மறைவில் தானியங்கி அளவு சந்திரனை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு மறைவில் ஐஎஸ்ஓ 400 முதல் 800, ஒன்று அல்லது இரண்டு விநாடி திறப்பு. அதற்கு மேல் திறந்தால் சந்திரன் நகர்ந்து கலங்கிவிடும்.

கணக்கு ஒன்று: ஆறு பௌர்ணமி

இனி அடுத்த பாதி. ஒரு கிரகணம் நடந்த பிறகு ஆறு பௌர்ணமி எண்ணுங்கள். ஆறாவது பௌர்ணமியை ஒட்டி, ஏறக்குறைய 177 நாளில், பெரும்பாலும் இன்னொரு கிரகணம் இருக்கும். 2028 டிசம்பர் 31லிருந்து ஆறு பௌர்ணமியில் 2029 ஜூன் 26. அது இந்தியாவில் காலை 8.52க்கு நடுப்பகுதி, நமக்குத் தெரியாது. இன்னும் ஆறு பௌர்ணமி கழித்து 2029 டிசம்பர் 21 அதிகாலை. அது நமக்குத் தெரியும். மூன்றும் முழு கிரகணங்கள். இந்தத் தொடர் சில முறை நீண்டு, பிறகு பகுதி கிரகணமாகி, கடைசியில் வெறும் புறநிழலாகத் தேய்ந்துவிடும். அருகிலுள்ள ஒரு வருடத்துக்கு மட்டும் நம்பத்தக்க கணக்கு இது.

கணக்கு இரண்டு: பதினெட்டு வருடம்

இதுதான் முக்கியமானது. பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் நூற்றாண்டுக் கணக்காகக் குறித்து வைத்துக் கண்டறிந்த சுழற்சி. இன்று இதற்கு சாரோஸ் என்று பெயர்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கால அளவு. சந்திரன் ராகுவிலிருந்து கிளம்பி மறுபடி ராகுவுக்கு வர இன்னொரு கால அளவு. பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர மூன்றாவது கால அளவு. மூன்றும் வெவ்வேறு நீளம். ஆனால் 223 பௌர்ணமி 6585.32 நாள். ராகுச் சுற்று 242க்கு 6585.36 நாள். அண்மைச் சுற்று 239க்கு 6585.54 நாள். தனித்தனி அட்டவணையில் ஓடும் மூன்று லோக்கல்கள் ஒரே நிமிடத்தில் தாதரில் வந்து நிற்பதைப் போன்ற ஒற்றுமை இது. அதனால் 6585 நாளும் எட்டு மணி நேரமும் கழித்து, ஏறக்குறைய அதே வடிவில், அதே பருவத்தில் கிரகணம் திரும்புகிறது.

வருடக் கணக்கில் சொன்னால்: 18 வருடம், 11 நாள், 8 மணி. இடையில் நான்கு பிப்ரவரி 29 வந்தால் 11 நாள். ஐந்து வந்தால் 10 நாள்.

அந்த எட்டு மணி நேரம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அதற்குள் பூமி கூடுதலாக மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால், கிரகணம் தலைக்கு மேல் தெரியும் பகுதி மேற்கே நகர்ந்துவிடுகிறது. 2022 நவம்பர் 8இன் வரிசையை இந்திய நேரத்தில் பாருங்கள். நேரங்கள் கிரகண மத்தியமத்துக்கு:

- 1986 அக்டோபர் 18, நள்ளிரவு 12.48
- 2004 அக்டோபர் 28, காலை 8.34
- 2022 நவம்பர் 8, மாலை 4.29
- 2040 நவம்பர் 19, நள்ளிரவு 12.33

1986இல் நம் ஊர் நள்ளிரவு உச்சி வானில் வந்த கிரகணம், 2004இல் பகலில் கழிந்தது. 2022இல் சந்திரன் உதிக்கும்போது வால்பகுதி மட்டும் கிடைத்தது. 2040இல் மறுபடி நள்ளிரவு உச்சி வானுக்கு வருகிறது, 88 நிமிட முழு மறைவோடு. மும்பைக்காரர்களுக்கு வெறும் 18 நிமிடம் காட்டிவிட்டுப் போன 2022 கிரகணம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரப்போகிறது என்பதை இந்த நான்கு வரி சொல்லிவிடுகிறது.

சில நேரம் அடுத்தடுத்த இரண்டுமே நமக்குக் கிடைக்கும். 2011 டிசம்பர் 10 சனிக்கிழமை இரவு 8.02க்கு மத்தியமமான கிரகணம் பலருக்கு நினைவிருக்கும், முழு மறைவு 51 நிமிடம். அதனுடன் ஐந்து பிப்ரவரி 29 கணக்கில் 18 வருடம், 10 நாள், 8 மணி கூட்டினால் 2029 டிசம்பர் 21 அதிகாலை 4.02. உண்மையான நேரம் 4.12. பத்து நிமிட வித்தியாசம்தான்.

இந்தக் கணக்கில் தேதி பெரும்பாலும் தவறாது. நேரத்தில் மட்டும் ஒன்றரை மணி வரை விலகலாம். 2018 ஜூலை 28 அதிகாலை 1.52க்கு மத்தியமமான, இந்த நூற்றாண்டின் மிக நீண்ட 103 நிமிட முழு கிரகணம், 2000 ஜூலை 16 மாலை 7.26க்கு வந்ததன் வாரிசு. இடைவெளியில் எட்டு மணிக்குப் பதில் ஆறரை மணிதான் இருந்தது. காரணம், சந்திரனும் பூமியும் தம் பாதையில் ஒரே வேகத்தில் போவதில்லை.

கணக்கு மூன்று: ஐம்பத்து நாலு வருடம்

எட்டு மணி நேரம் மூன்று முறை சேர்ந்தால் ஒரு நாள். அதாவது மூன்று சாரோஸ் கடந்தால், 54 வருடமும் ஒரு மாதத்துக்குச் சற்று மேலும் ஆனால், கிரகணம் அதே ஊரின் இரவுக்கே வந்து சேரும். 2025 செப்டம்பர் 7 ஞாயிறு இரவு 11.42க்கு மத்தியமமான கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 ஆகஸ்ட் 28இல் அது பசிபிக் கடல் மேல். 2043 செப்டம்பர் 19இல் அட்லாண்டிக் மேல். 1971 ஆகஸ்ட் 6 இரவு அது இந்திய வானில் நின்றது. மாதுங்காவிலும் செம்பூரிலும் அப்போது இளைஞர்களாக இருந்தவர்கள், டோம்பிவிலிக்கு வீடு மாறி வந்து, பேரப்பிள்ளைகளுடன் அதையே 2025இல் சந்தித்தார்கள். ஒரு மனித ஆயுளில் ஒரு கிரகணத்தை அதே ஊர்ப் பக்கத்தில் இரண்டு முறை பார்க்க முடியும். ஆனால் முதல் முறையைக் குறித்து வைக்காவிட்டால் இரண்டாம் முறை வந்திருப்பதே தெரியாது.

வரிசைகளுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. மேலே சொன்ன வரிசைக்கு வானியலாளர்கள் தந்த எண் 128. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட 1304இல் புறநிழலின் ஓரமாகத் தொடங்கியது. மொத்தம் 71 கிரகணம். 2025இல் வந்தது 41ஆவது. 2566இல் முடியும்.

கணக்கு நான்கு: பத்தொன்பது வருடம்

235 பௌர்ணமி ஏறக்குறைய 19 வருடத்துக்குச் சமம். எனவே 19 வருடத்தில் அதே ஆங்கிலத் தேதியில் பௌர்ணமி வரும், சில முறை கிரகணமும் வரும். 2009 டிசம்பர் 31 இரவு, 2010 பிறந்த முதல் மணி நேரத்தில், இந்தியாவில் ஒரு சிறு பகுதி கிரகணம் தெரிந்தது. சந்திரனின் விட்டத்தில் 8 சதவீதம் மட்டும் நிழலில். சரியாக 19 வருடம் கழித்து, அதே புத்தாண்டு இரவில், 2028இன் முழு கிரகணம். இரண்டும் வெவ்வேறு வரிசை என்பதால் வடிவம் ஒத்துப்போகாது. தேதி மட்டுமே ஒத்துப்போகும்.

சோழியில் போட்ட கணக்கு

இப்படிக் கணக்குப் போடுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்போர், 248 நாளில் சந்திரனின் வேகம் ஒன்பது முறை கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வருவதைக் கொண்டு, ஒவ்வொரு நாளின் சந்திர நிலையையும் எண்ணுக்கு எழுத்து வைத்த சொற்களாக மனப்பாடம் செய்திருந்தார்கள். 1825இல் சென்னையில் 'காலசங்கலித' என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்ததை அதில் பதிவு செய்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாட்டிலிருந்து எண்களை எடுத்து, 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதுகோலும் இல்லை, ஏடும் இல்லை. தொடக்கத்தில் வித்தியாசம் 4 நிமிடம், மத்தியில் 23, முடிவில் 52. அறிவியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கெபாவர் 1952இல் இதைத் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே கட்டுரையாக எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நம்மிடம் இருப்பது அந்தக் கணிதரின் நினைவாற்றல் அல்ல. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

வீட்டு வழக்கங்கள்

கிரகணத்தன்று மாதுங்கா, செம்பூர் கோயில்களுக்குப் போகிறவர்கள் நடை சாத்தும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஸ்நானம், ஜபம், தர்ப்பணம் செய்கிறவர்களுக்கு 8.37 முதல் 12.06 வரை தாராளமாக நேரம் இருக்கிறது. நடுவில் மாடிக்கு வந்து பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கீழே தெருவில் "தே தான், சுடே கிரான்" என்று மராத்தியில் கூவி வருபவர்களுக்குக் கொடுக்க அரிசியோ சில்லறையோ வாசலில் எடுத்து வைப்பது இந்த ஊரின் நல்ல பழக்கம்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளை இருட்டறையில் உட்கார வைப்பதும், பசித்த குழந்தையையும் சர்க்கரை நோயாளியையும் பட்டினி போடுவதும் வேண்டாம். கிரகணத்தின்போது நம்மேல் விழுவது, வழக்கமான நிலவொளியைவிடக் குறைந்த நிலவொளி. அதில் கெடுதல் எதுவும் இல்லை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால் அவருக்கு ஒரு நாற்காலியையும் சால்வையையும் மாடிக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள். 54 வருடக் கணக்கில் முதல் முறையை வயிற்றிலிருக்கும் குழந்தையின் பெயரில் எழுதலாம்.

கிரகண நோட்டு

ஒரு நீண்ட நோட்டை எடுத்துப் பக்கத்துக்கு ஒரு கிரகணம் என்று ஒதுக்குங்கள். எழுத வேண்டியவை: தேதி, ஊர், பார்த்தவர்கள் பெயர், ஐந்து கட்ட நேரம், மேகம் இருந்ததா, தான்ஜோன் எண், எண்ணிய விண்மீன்கள். பக்கத்தின் அடியில் 18 வருடம் கூட்டி வந்த தேதி, 54 வருடம் கூட்டி வந்த தேதி.

டோம்பிவிலியில் தெரியக்கூடியவற்றில் முக்கியமான சில, மத்தியம நேரத்துடன்:

- 2028 ஜூலை 6, இரவு 11.50: பகுதி கிரகணம். மழைக்காலம் என்பதால் மேகம் விட்டால் உண்டு.
- 2028 டிசம்பர் 31, இரவு 10.22: முழு கிரகணம், சுமார் 71 நிமிடம்.
- 2029 டிசம்பர் 21, அதிகாலை 4.12: முழு கிரகணம், 54 நிமிடம். மேற்கு ஜன்னல்காரர்களுக்கு உரியது.
- 2032 ஏப்ரல் 25, இரவு 8.44: முழு கிரகணம், 66 நிமிடம். சிறு பிள்ளைகளும் விழித்திருக்கும் நேரம்.
- 2032 அக்டோபர் 19, நள்ளிரவு 12.33: முழு கிரகணம், 47 நிமிடம்.
- 2033 ஏப்ரல் 15, நள்ளிரவு 12.43: முழு கிரகணம், சுமார் 50 நிமிடம். சித்திரை முதல் நாள் இரவு.
- 2040 நவம்பர் 19, நள்ளிரவு 12.33: முழு கிரகணம், 88 நிமிடம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவற்றை நம் மேகங்கள் பெரும்பாலும் மறைத்துவிடும். மறைத்தாலும் பக்கத்தை எழுதுங்கள். பார்க்க முடியாத கிரகணத்துக்கும் வாரிசு உண்டு, அது வேறு பருவத்துக்கு மெல்ல நகர்ந்து வரும். 1971இல் ஆகஸ்ட் தொடக்கத்தில் இருந்தது 2043இல் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கு வந்துவிடுகிறது.

பயிற்சியாக இதை இன்றே செய்து பாருங்கள். 2025 செப்டம்பர் 7 இரவு 11.42ஐ எழுதுங்கள். 2043 செப்டம்பருக்குள் எத்தனை பிப்ரவரி 29 என்று எண்ணுங்கள்: 2028, 2032, 2036, 2040, நான்கு. எனவே 18 வருடம், 11 நாள், 8 மணி. விடை 2043 செப்டம்பர் 19, காலை 7.42. வானியலாளர்கள் தரும் நேரம் 7.20. ஸ்பரிசம் 5.37. டோம்பிவிலியில் அன்று சந்திரன் மறைவது ஏறக்குறைய ஆறரை மணிக்கு. ஆகவே மேற்கு அடிவானத்தில், விடியும் வேளையில், நிழல் படிப்படியாக ஏறுவதை ஐம்பது நிமிடம் பார்க்கலாம். முழு மறைவு கிடைக்காது. இவ்வளவையும் நீங்களே கணக்கிட்டுவிட்டீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி, அந்த விடியலில் யாரை எழுப்ப வேண்டும் என்று அவர்கள் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.